நொய்

சார்ல்ஸ்டனிலிருந்து திரும்பி வந்து ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. பயணம் எப்படி இருந்தது என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், "வீடு பிரமாதம், சாப்பாடு அதைவிடப் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம்தான் அது, பொய்யும் இல்லை. ஆனால் அதைச் சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும், கடைசி நாள் இரவில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் என் முன்னால் வைக்கப்பட்ட இரண்டு கரண்டிச் சோறும், அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்ட ஒரு கேள்வியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. எழுதிப் பார்த்தால் ஒருவேளை அடங்கும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

அட்லாண்டாவில் எங்கள் வீட்டிலிருந்து சார்ல்ஸ்டன் காரில் ஐந்து மணி நேரம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மாவுக்கு மால்களும் நீர்வீழ்ச்சிகளும் அலுத்துப்போயிருந்தன. "இந்த ஊர்ல பழைய வீடே கெடையாதாப்பா?" என்று ஒரு நாள் கேட்டார். இருக்கின்றன, அதுவும் ஏராளமாக. ஓக் மர வரிசையும் குளமும் தோட்டமுமாக ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் பண்ணை மாளிகைகளின் படங்களைக் காட்டினேன். அவற்றில் சிலவற்றில் திருமணங்களும் நடக்கின்றன. அடிமைகள் உழைத்துச் செத்த மண்ணில் மணமக்கள் நின்று படம் எடுத்துக்கொள்வது பற்றிச் சர்ச்சை எழுந்து, 2019-இல் பின்ட்ரஸ்ட் உள்ளிட்ட தளங்கள் அத்தகைய திருமணங்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கெல்லாம் போக எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. அம்மாவின் முழங்கால் அத்தனை ஏக்கரை நடந்து கடக்காது என்பது மீதிப் பாதி. ஆகவே ஊருக்குள்ளேயே இருக்கும் ஏக்கன்-ரெட் மாளிகையைத் தேர்ந்தெடுத்தேன்.

வட்ட முறம்

மாளிகைக்குப் பிற்பகலில் போவதாகத் திட்டம். காலையில் ஊர் நடுவே உள்ள பழைய சந்தைக்குப் போனோம். நீளமான கொட்டகைகளில் சட்டை, மெழுகுவர்த்தி, எள் போட்ட மெல்லிய பிஸ்கட் என்று சுற்றுலாப் பயணிகளுக்கான சாமான்கள். நடுநடுவே கூடை முடையும் கல்லா கீச்சீ பெண்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு, கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் நெல்லும் அவுரியும் பருத்தியும் விளைவித்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வட அமெரிக்காவுக்கு வந்திறங்கிய ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் சார்ல்ஸ்டன் என்ற இந்த ஒரு துறைமுகத்தின் வழியாகவே வந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் விளையும் செனகாம்பியாவிலிருந்தும் சியரா லியோனிலிருந்தும் ஆட்கள் வந்திருப்பதாகத் தனியாகக் குறிப்பிட்டு அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் விற்பனை விளம்பரம் செய்திருக்கிறார்கள். வேலை தெரிந்த ஆள் என்பதால் அப்படிப்பட்டவர்களுக்குக் கிராக்கி.

அம்மா ஒரு கடையின் முன்னால் நின்றுவிட்டார். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கடலோரத்தில் விளையும் மணமுள்ள ஒரு புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஒரு பழைய ஸ்பூனின் தேய்த்துத் தட்டையாக்கிய காம்பால் இடைவெளி எடுத்து, அதற்குள் பனை இனத்து ஓலைக் கீற்றை நுழைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அழகுக் கூடைகளுக்குப் பின்னால் ஒன்று மட்டும் அலங்காரம் ஏதும் இல்லாமல் தொங்கியது. இரண்டடி அகலத்தில் ஆழமில்லாத வட்டத் தட்டு. விளிம்பு இரண்டு விரல் உயரம். "மொறம்" என்றார் அம்மா, தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல. அடுத்த நொடியே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வட்டமா இருந்தா உமி எந்தப் பக்கமாப்பா போவும்?"

நம்முடைய முறத்துக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் வாய். புடைக்கும்போது கனமான அரிசி உள்பக்கம் ஒதுங்க, உமியும் தவிடும் வாய்ப்பக்கம் நழுவி விழும். வட்டத் தட்டுக்கு வாய் இல்லை. நான் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே எழுந்து, தட்டை எடுத்து இடுப்போடு அணைத்து, இல்லாத நெல்லை மேலே எறிந்து பிடித்துக் காட்டினார். பிறகு கொட்டகையின் திறந்த பக்கத்தைக் கையால் சுட்டினார். காற்று கொண்டுபோய்விடும். அம்மா விடவில்லை. தம் முறத்தை, அதாவது வெறுங்கையை, முன்னால் நீட்டி இரண்டு தட்டு, ஒரு உலுக்கு, மறுபடி இரண்டு தட்டு என்று புடைத்துக் காட்டினார். ஒரு மணி நெல் இல்லாமல் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று புடைத்துக்கொண்டிருந்ததை ஒரு ஜப்பானியக் குடும்பம் படம் பிடித்தது. தட்டின் விலை 400 டாலருக்கு மேல் என்றதும் அம்மா அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தத் தட்டுக்கு முந்தைய வேலை உரலும் உலக்கையும். ஜொனாதன் லூகாஸ் என்பவர் 1787-இல் தண்ணீரால் ஓடும் நெல் ஆலையை அமைத்துக் காட்டும்வரை, ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கரோலினா அரிசி பெரும்பாலும் கையால் குத்தப்பட்டதுதான். பகலில் வயலில் அளந்து கொடுத்த வேலையை முடித்துவிட்டு, விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும் குத்த வேண்டும். உமி கழல வேண்டும், அரிசி உடையக் கூடாது. முழு அரிசிக்குத்தான் வெளிநாட்டுச் சந்தையில் உயர்ந்த விலை. உடைந்ததை இங்கேயே ஒதுக்கிவிடுவார்கள். இதை நான் அப்போது அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரவு அந்தக் கேள்வி வராமலே போயிருக்கலாம்.

பன்றியில்லாத சாப்பாடு

தென்னகச் சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது ஒரு நடைமுறைச் சிக்கலை மறைத்துவிடுகிறார்கள். எதைத் தொட்டாலும் அதில் பன்றி இருக்கும். கீரை என்று கேட்டால் பன்றியின் கணுக்கால் எலும்போடு மணிக்கணக்கில் வெந்த கீரை; பயறு என்று கேட்டால் பன்றிக் கொழுப்பில் தாளித்த பயறு. எஜமான் வீட்டுக்கு நல்ல கறி போனபின் மிஞ்சியவற்றைக் கொண்டு சமைத்தவர்களின் கைப்பக்குவம் அது என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீன், இறாலைத் தாண்டி எதையும் தொடாத அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஊருக்கு வடக்கே சாலையோரத்தில் ஒரு சின்ன உணவகம். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள், கரண்டியோடு நிற்கும் பெண்கள், அட்டைப்பெட்டியில் அள்ளி வைத்துக் கொடுக்கும் சோறு. கரண்டி பிடித்திருந்த பெண், எழுபது வயது அம்மாவைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும் பேபி?" என்றார். அதை மொழிபெயர்த்ததும் அம்மாவுக்கு வந்த வெட்கத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதில் பன்றி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், அன்று இறால் மட்டும் போட்டுச் செய்திருந்த வெண்டைக்காய் சூப்பையும் பொரித்த மீனையும் வெள்ளைச் சோற்றையும் அம்மாவுக்குக் கொடுத்தார். எனக்குச் சிவப்புச் சோறும் காராமணிச் சோறும்.

சூப் என்று பெயர்தான். வெண்டைக்காயும் தக்காளியும் இறாலும் சேர்ந்து குழைந்து, கரண்டியில் எடுத்தால் நூல் விடும் பதத்தில் இருந்தது. அம்மா அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். கை கழுவும் இடம் எங்கே என்றுகூட முதலில் கேட்டுவைத்துக்கொண்டார். "வெண்டைக்கா கொழம்புதாம்ப்பா. புளிதான் ஊத்தல" என்பது அவர் தீர்ப்பு. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தது. அதற்குப் பாண்டு மொழிகளில் வழங்கிய பெயரிலிருந்துதான் லூசியானாவின் புகழ்பெற்ற கம்போ என்ற பெயரே வந்தது என்பார்கள். சிவப்புச் சோறு என்பது தக்காளியில் வேகவைத்த சோறு, மேற்கு ஆப்பிரிக்க ஜொலோஃப் சோற்றின் தங்கை. காராமணியும் அரிசியும் சேர்ந்து வெந்ததற்கு ஹாப்பின் ஜான் என்று பெயர். புத்தாண்டு அன்று இதைச் சாப்பிட்டால் ஆண்டு முழுவதும் பணத்துக்குக் குறைவிருக்காதாம். இந்தக் கடலோரத்தில் சோறு குழையக் கூடாது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பதில் இவர்கள் எங்கள் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்களைவிடக் கறாரானவர்கள். சோறு, கருவாட்டு வாசனையைப் போல வீட்டுக்கு இழுக்கக்கூடியது என்பதை அந்த அட்டைப்பெட்டியின் முன்னால்தான் உணர்ந்தேன். நான் இந்த நாட்டில் உண்ட மிகச் சிறந்த பகல் சாப்பாடு அதுதான். அந்த நிமிடத்தில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எலிசபெத் தெரு, 48

ஏக்கன்-ரெட் மாளிகையின் வெளிச்சுவரில் வண்ணம் மங்கியிருந்தது. உள்ளே பெரிய கூடத்தில் சுவர்த்தாள் பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. கூரைப் பூச்சில் விரிசல். அதற்குக் கீழே பாரிஸிலிருந்து வந்த சரவிளக்கு. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பணம் வாங்குறாங்க, ஒரு சுண்ணாம்பு அடிக்கக் கூடாதா?" என்றார். அடிக்கக் கூடாது என்பதுதான் இந்த வீட்டின் கொள்கை. 1975 வரை குடும்பத்தின் வழிவந்தவர்கள் கையிலேயே இருந்த வீடு, அதன் பிறகு சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய், 1995-இல் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையிடம் வந்தது. அவர்கள் இதைப் புதுப்பிக்காமல், கண்டது கண்டபடியே, மேலும் சிதையாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். பளபளவென்று மெருகேற்றிய மற்ற மாளிகைகளைவிட இது எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவே காரணம். மெருகு போட்ட வீட்டில் சொந்தக்காரர் எழுந்து அடுத்த அறைக்குப் போயிருப்பதுபோல இருக்கும். இங்கே எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

1820-இல் ஜான் ராபின்சன் என்ற வணிகர் கட்டிய வீடு. 1827-இல் ஏக்கன் குடும்பத்திடம் வந்து, 1833 முதல் இளைய வில்லியம் ஏக்கனும் மனைவி ஹாரியட்டும் குடியிருந்தார்கள். 1844 முதல் 1846 வரை தென் கரோலினாவின் ஆளுநராக இருந்தவர் அவர். பணம் வந்த இடம் ஊரில் இல்லை. எடிஸ்டோ ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஜெஹோசி தீவில் இருந்தது. அங்கே 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் நெல் விளைவித்தார்கள். கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்படும் நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடித்துவிடும் பாசனம். இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஆர்வம் தெரிந்தது. உப்பு ஏறிவிடாதா என்று உடனே கேட்டார். ஏறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அத்தனை கரையும் அத்தனை மதகும், அத்தனை பேர் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியதும். நின்ற தண்ணீரில் கொசு, கொசுவால் காய்ச்சல். மே மாதம் பிறந்தால் முதல் உறைபனி விழும்வரை நிலக்காரர்கள் குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட மாளிகைகள் ஊருக்குள் எழுந்ததற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். வயலில் இருந்தவர்கள் வயலிலேயே இருந்தார்கள்.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் உயர்ந்த செங்கல் மதில் சூழ்ந்த முற்றம். ஒருபுறம் சமையற்கட்டும் சலவைக்கூடமும், எதிர்ப்புறம் குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும். இரண்டுக்கும் மேல்மாடியில் அடிமைகள் தங்கிய அறைகள். ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்தே இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் எஜமான் வீட்டின் முதுகு தெரியும், எஜமான் வீட்டிலிருந்து பார்த்தால் இவர்கள் தெரிவார்கள். சமையற்கட்டில் சமைத்ததை முற்றத்தைக் கடந்து கொண்டுபோய், பெரிய வீட்டின் தரைத்தளத்தில் உள்ள ஓர் அறையில் சூடு ஆறாமல் வைத்து, அங்கே தட்டுகளில் அழகுபடுத்தி, மேலே சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போவார்கள். தென்னகத்து விருந்தோம்பல் என்று இன்றுவரை பேசப்படுகிறதே, அது இந்த முற்றத்தை ஒரு நாளைக்குப் பலமுறை, மழையிலும் குளிரிலும், மூடிய பாத்திரத்தோடு கடந்திருக்கிறது. ஒலிவழிகாட்டியில் ஒரு குரல் அவர்களின் பெயர்களைச் சொன்னது. டாம் கிரெக்ஸ், ஆன் கிரெக்ஸ், அவர்கள் மகன் ஹென்றி. சாம்போ ரிச்சர்ட்சன், டோர்க்கஸ் ரிச்சர்ட்சன், அவர்களுடைய குழந்தைகள்.

நான் ஒரு காதில் கேட்டு, மறுபக்கம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடிமைகள் என்ற சொல்லை நான் இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு, அம்மா சமையற்கட்டின் பெரிய அடுப்பு வாயைப் பார்த்தபடியே, "பண்ணையாளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பண்ணையாள் வேற. இவங்களக் கப்பல்ல கொண்டாந்து வித்தாங்க. புள்ளையத் தனியா, தாயத் தனியா வித்தாங்க. இவங்க பெத்த புள்ளையும் மொதலாளிக்குத்தான் சொந்தம்."

"ம்" என்றார் அம்மா. மேலே எதுவும் கேட்காமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார், முழங்காலைத் தேய்த்தபடி.

நான் சொன்னது சரிதான். இருந்தும் அவ்வளவு வேகமாக ஏன் திருத்தினேன் என்று விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். அமெரிக்காவில் 1865-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியில் 1843-இன் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று கோரும் உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. அதற்கு முன்பு சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்து அதில் உழைப்பவர்களையும் விற்கவும் அடமானம் வைக்கவும் முடிந்தது. சட்டம் வந்தபின் பெயர் மாறிக் கடனாகவும் வழக்கமாகவும் நீடித்தது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு 1952; அம்மா பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்னால். இரண்டும் ஒன்றல்ல என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அந்த முற்றத்தில் வேறுபாட்டைச் சொல்வதில் நான் காட்டிய அவசரம் வரலாற்று அக்கறையால் வந்ததில்லை. எங்கள் தாத்தாவுக்கு இரண்டு வேலி நிலம் இருந்தது.

போடுவது

இந்த யோசனைக்கு முன்னால் நடந்ததுதான் இரவுச் சாப்பாடு. வெள்ளைத் துணி விரித்த மேசைகளும் மெழுகுவர்த்திகளும் கொண்ட ஒரு பெரிய உணவகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். சார்ல்ஸ்டனின் உயர்தர விருந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. நாட் ஃபுல்லர் என்பவர் அடிமையாக இருந்தபோதே இந்த நகரத்தின் பெயர்பெற்ற சமையல் நிபுணர். 1860-இல் சர்ச் தெருவில் சொந்தமாக உணவகம் நடத்தத் தொடங்கியவர். 1865-இல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, கறுப்பரும் வெள்ளையரும் சரிசமமாக அமர்ந்து உண்ணும் விருந்து ஒன்றை அவர் நடத்தினார். அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அந்த விருந்தைப் பற்றி நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

உணவுப் பட்டியலில் இறால் வைத்த ஓர் அரிசிப் பண்டம் இருந்தது. 34 டாலர். பரிமாறுகிற இளைஞர் அதைப் பற்றிப் பெருமையோடு விளக்கினார். கரோலினா கோல்ட் என்ற பழைய நெல் ரகம். அறுக்கும் காலத்தில் வயல் பொன்னிறமாக இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அடிமைமுறை போனபின் கூலி கொடுத்து அந்தச் சேற்றில் ஆள் இறக்கக் கட்டுப்படியாகவில்லை. 1893-இலும் 1911-இலும் வந்த புயல்கள் மிச்சத்தை முடித்துவைத்தன. பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்த ரகத்தை 1980-களில் ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற கண் மருத்துவர், தம் நிலத்துக்குக் காட்டு வாத்துகளை வரவழைக்க விரும்பி, அரசு விதைச் சேமிப்பிலிருந்து வாங்கி மீண்டும் பயிரிட்டார். வாத்துக்கு வந்த நெல் சமையற்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தப் பண்டத்தில் இருப்பது அதன் உடைந்த அரிசி என்றார் இளைஞர். மிட்லின்ஸ் என்று அதற்குப் பெயராம். வெண்ணெயும் குழம்புச் சாறும் விட்டுக் கிளறிக் கிளறிச் செய்வது. முழு அரிசியைவிட இதில்தான் மாவுச்சத்து இளகிப் பாலாடைபோல வரும். நாவில் வைத்தேன். சொன்னதில் ஓர் எழுத்துகூட மிகையில்லை.

"என்ன சொல்றாருப்பா?" என்றார் அம்மா.

"ஒடஞ்ச அரிசியாம்மா. அதுல செஞ்சது."

அம்மா கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தைக் கிளறிப் பார்த்தார். "நொய்யி" என்றார். பிறகு, விலையைக் கேட்பதுபோல மிகச் சாதாரணமாக, "இங்க இத யாருக்குப் போட்டாங்களாம்?" என்று கேட்டார்.

ருசி எப்படி, எப்படிச் செய்தார்கள், எவ்வளவு விலை என்று ஒரு சோற்றைப் பற்றிக் கேட்க எத்தனையோ இருக்கின்றன. அம்மாவுக்கு முதலில் தோன்றியது இது. எங்கள் பக்கத்தில் நொய் என்பது யாராவது ஒருவருக்குப் போடுவது. விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறுவோம், சாமிக்குப் படைப்போம், பிள்ளைக்கு ஊட்டுவோம். நொய்யைப் பரிமாறினார்கள் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கோழிக்கு நொய் போடுவார்கள். கொல்லைப்பக்கம் வந்து நிற்பவர்களுக்கு நொய்க் கஞ்சி ஊற்றுவார்கள். எங்கள் மொழியில் அந்த அரிசியின் பெயர் வேறு எந்த வினைச்சொல்லோடும் ஒட்டாது. ஆகவே கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த அரிசியைக் கண்டவுடன் அம்மாவுக்கு மீதிக் கதை முழுவதும் தெரிந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் ஒரு காதில் கேட்டு நான் அரைமணி நேரம் மொழிபெயர்த்தது எதுவும் அவருக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

"அந்த முத்தத்துல இருந்தவங்களுக்குத்தாம்மா" என்றேன். முழு அரிசி கப்பலேறிப் போனபின் எஞ்சிய நொய்தான் அதைக் குத்தியவர்களின் பங்கு. அம்மா தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, உப்பு பத்தவில்லை என்றார். நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அது சுவையாக இருந்தது என்பதுதான் எனக்குச் சிக்கலே. பிடிக்காமல் போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்பும் முன், ஒரு கடையில் அதே நொய்யைத் துணிப்பை ஒன்றில் 12 டாலருக்கு வாங்கியும் வந்தேன்.

அட்லாண்டாவில் அந்தப் பை இரண்டு வாரம் அடுக்களையில் கிடந்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்த ஒரு நாள் அம்மா அதை எடுத்து, இரண்டு கொதி விட்டுக் கஞ்சியாக்கி, மோர் ஊற்றி, ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காயோடு கொடுத்தார். வெண்ணெயில் கிளறியதைவிட இது எனக்குப் பழக்கமான ருசியாக இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எனக்கும் நொய்க் கஞ்சிதான். குடித்துக்கொண்டே, தாத்தா வீட்டில் நெல் குத்த யார் வருவார்கள் என்று கேட்டேன். ஊருக்கு வடக்கேயிருந்து ஒருத்தி வருவாள் என்றார் அம்மா. கட்டையாக, கறுப்பாக, ஒரு கண் சற்றே பூத்திருக்கும். உலக்கையைக் கை மாற்றுவதே தெரியாது, அவ்வளவு லாவகம். குத்தி முடித்தால் நொய்யைத் தனியே சலித்து அவள் முந்தானையில் போடுவார்கள். அம்மாதான் பலமுறை படியில் அளந்து போட்டிருக்கிறார், ஏழெட்டு வயதில், கை படாமல் உயரத்திலிருந்து.

"அவங்க பேரு என்னம்மா?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அவளுடைய புருஷன் பெயர் நினைவிருந்தது. அவர்கள் ஓட்டி வந்த மாட்டின் பெயர்கூட நினைவிருந்தது. "நெல்லு குத்துறவன்னுதாம்ப்பா சொல்லுவோம்" என்றார். நான் டம்ளரைக் கழுவ எழுந்தபோது, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், "பேரு இருந்திருக்கும்" என்றார்.

அன்று இரவு ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பையில் இன்னும் பாதி நொய் இருக்கிறது.